டொரத்தியின் அடுத்த சர்வீஸ்

கிள்ளானில் கிரிகரி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு மனைவி உண்டு, ஒரு வேன் உண்டு, ஒரு புத்தகமும் உண்டு. மனைவிக்கு உடம்பு சரியில்லை. வேனுக்கு ஒரு குறையும் இல்லை. இவ்விரண்டில் எதற்கு அதிகக் கவனிப்புத் தேவை என்பதை அந்தப் புத்தகம் முடிவு செய்தது. கதை அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் நீங்கள் விடமாட்டீர்கள். ஆகவே விரித்துச் சொல்கிறேன்.

கிரிகரி முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அச்சிட்ட அட்டவணை எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு பயபக்தி உண்டாகும். வண்டி தாமதமாக வந்தால் வண்டியைத்தான் சந்தேகிப்பாரே தவிர, அட்டவணையைச் சந்தேகித்து அறியார். அப்படிப்பட்டவருக்குக் கடவுள் கொடுத்த மனைவி டொரத்தி, எந்த அட்டவணையையும் வாய்விட்டுக் கேலி செய்கிறவர். அவருக்கே கடைசியில் ஓர் அட்டவணை வாய்த்தது. சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் பிற்பகல் ஒரு மணிக்கு இரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கிள்ளானில் இருந்த நிலையங்களில் இடம் கிடைக்கவில்லை. தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த தர்ம நிலையத்தில் கிடைத்தது.

டொரத்தி அந்த வைத்தியத்தின் பெயரை உச்சரிப்பதே இல்லை. "சர்வீசுக்குப் போறேன்" என்பார். அண்டை வீட்டார் கேட்டாலும் அதுதான், கோயிலில் பாதிரியார் கேட்டாலும் அதுதான். நாளடைவில் கிரிகரியின் வாயிலும் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது. வீட்டுக் காலண்டரில் அவர் கையெழுத்தில் வாரம் மூன்று கட்டத்தில் 'சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். பின்னால் வந்த துன்பங்கள் அனைத்துக்கும் அந்த ஒரு சொல்லே வித்தானது.

முதலில் அவர்கள் கோமுட்டர் ரயிலில்தான் போய் வந்தார்கள். போகும்போது குறையில்லை. திரும்பும்போது டொரத்தியின் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். நிமிர்ந்து உட்கார முடியாது. ஒரு நாள் கிள்ளான் நிலையத்து மேடையிலேயே மயங்கி விழுந்தார். அந்தச் செய்தியைக் கேட்ட மகன் ஜோனத்தனும் மகள் பெர்னிசும் சேர்ந்து ஒரு வேன் வாங்கிக் கொடுத்தார்கள். பெட்ரோலிலும் ஓடும், மின்கலத்திலும் ஓடும் ஹைபிரிட் வேன். ஏழு இருக்கை. நடு இருக்கையைச் சாய்த்தால் கட்டிலாகிவிடும். சக்கர நாற்காலி மடிந்து பின்னால் போய்விடும். அதில் படுத்துக்கொண்டால் டொரத்தி பாதி வழியிலுள்ள சுபாங் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். வேன் மெதுவாகப் போகும்போது சத்தமே வராது. மனைவியின் மூச்சு கேட்கும் அளவுக்கு அமைதியாக ஓடும் அந்த வண்டிமீது கிரிகரிக்கு ஏற்பட்ட நன்றியைச் சொல்லி முடியாது.

வேனுடன் புத்தகமும் வந்தது. 'பராமரிப்பு அட்டவணை' என்று அதற்குப் பெயர். பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸ். கம்பெனியின் சொந்த நிலையத்தில் மட்டும். வெளியார் கை பட்டால் மின்கலத்துக்கான எட்டாண்டு உத்தரவாதம் அக்கணமே ரத்து. கிரிகரி இவற்றுக்கு அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். பத்தாயிரம் நெருங்கிய ஒரு திங்கட்கிழமை, கம்பெனிக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஷாமினி என்ற இளம்பெண் எடுத்தாள். தன்னை 'வாகன நல ஆலோசகர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு அங்கிள்?"

"இன்னைக்குக் காலையில ஒன்பதாயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு மா. பத்தாயிரம் தாண்டக்கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"வெரி குட் அங்கிள். புத்தகத்தை யாருமே படிக்கிறதில்ல. வியாழக்கிழமை வர்றீங்களா?"

"வியாழன் முடியாது மா. செவ்வா, வியாழன், சனி மூணு நாளும் சர்வீஸ் இருக்கு. வெள்ளி போடுங்க."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நின்றது.

"வாரத்துல மூணு சர்வீசா?"

"ஆமா மா. ஒரு வருசமா ஒரு நாள் விட்டதில்ல."

"எங்க அங்கிள் செய்றீங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்ல. கடைவீட்டு மாடியில."

"மாடியிலயா? அங்க என்னென்ன செய்வாங்க?"

இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாளே என்று கிரிகரியின் மனம் நெகிழ்ந்துவிட்டது.

"பில்டர் மாத்துவாங்க. உள்ள தேங்கியிருக்கிற தண்ணிய எடுப்பாங்க, ரெண்டு, ரெண்டரை லிட்டர் வரும். நாலு மணி நேரம் ஆயிடும்."

"எண்ணெய்?"

"ஐயோ, எண்ணெய் சேர்க்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க மா."

"யாரு சொன்னா?"

"புனிதான்னு ஒரு பொண்ணு. அதுதான் எல்லாம் பாத்துக்குது. கைராசிக்காரப் பொண்ணு."

"சர்வீஸ் முடிஞ்சதும் எப்படி அங்கிள் இருக்கும்?"

"கொஞ்சம் நடுக்கம் இருக்கும். மறுநாள் சரியாயிடும்."

"ஓகே அங்கிள்," என்றாள் ஷாமினி. சொன்னது அனைத்தையும் ஒரு சொல் விடாமல் பதிந்துகொண்டாள். ஒரு சொல் விடாமல் பதிவது அவளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காவது கிலோமீட்டரில், கிரிகரி கூட்டரசு நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த நிலையத்துக்குள் நுழைந்தார். நிலையம் என்று சொல்லிவிட்டேன். நுழைந்தவர் கண்ணுக்கு அது ஓர் உயர்தர மருத்துவமனையாகத் தெரிந்தது. எல்லாரும் வெள்ளை அங்கி அணிந்திருந்தார்கள். வண்டிகள் நிற்கும் இடங்களுக்கு 'வார்டு' என்று பெயர் எழுதியிருந்தது. வேனின் ஸ்டீரிங்கில் பெயரும் எண்ணும் அச்சிட்ட காகிதக் காப்பு ஒன்றைக் கட்டினார்கள். கிரிகரி பதினோரு இடத்தில் கையெழுத்திட்டார். அவரைக் குளிரூட்டிய கூடத்தில் உட்காரவைத்து, சூடான மைலோ கொடுத்தார்கள். சுவரில் இருந்த திரையில், 'உங்கள் அன்புக்குரிய வாகனம் இப்போது நிம்மதியாக ஓய்வெடுக்கிறது' என்ற வாசகம் ஓடியது. டொரத்தியின் நிலையத்தில் காத்திருப்போருக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம். அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. கிரிகரி மைலோவைக் குடித்தார்.

இரண்டு மணி நேரம் என்றார்கள். பிற்பகல் நான்கு மணிக்கு, அங்கியின் பையில் நான்கு பேனா செருகிய ஒருவர் கூடத்துக்கு வந்தார். அவர் முகுந்தன், வாகன நலப் பிரிவின் தலைமை அதிகாரி. ஷாமினி கையில் கணினிப் பலகையுடன் பின்னால் நின்றாள்.

"மிஸ்டர் கிரிகரி, மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேளுங்க."

கிரிகரியின் கை கைப்பேசியைத் தேடியது. வீட்டில் டொரத்தி தனியாக இருந்தார்.

"யாருக்கு என்னங்க ஆச்சு?"

"உங்க வேனுக்கு. அதை நீங்க வெளியாள்கிட்ட நூத்தி அம்பத்தாறு தடவை சர்வீஸ் பண்ணியிருக்கீங்க."

"நானா?"

"வாரம் மூணு. ஒரு வருசம். நீங்களே சொன்னது. அதுவும் ஒரு கடைவீட்டு மாடியில." முகுந்தனின் குரல் தழுதழுத்தது. "ஒரு வாயில்லா வண்டியை மாடி வரைக்கும் ஏத்தியிருக்கீங்களே, உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு?"

கிரிகரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிக்கப் பார்த்தார். எதிரில் யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சார், அது என் சம்சாரத்துக்கு. அவங்களுக்குக் கிட்னி போயிடுச்சு. டயாலிசிஸ். நாங்க வீட்டுல அதைச் சர்வீஸ்னு சொல்றது."

"இருக்கலாம். ஆனா சிஸ்டத்துல உங்க பேர்ல ஒரே ஒரு வாகனம்தான் இருக்கு. சர்வீஸ்னு பதிஞ்சா அது அந்த வாகனத்துக்குத்தான் போகும். சம்சாரத்துக்குப் போக வழியில்ல."

"அப்ப அந்தப் பதிவை அழிச்சிடுங்க சார்."

மைலோ கொடுக்கும் பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். முகுந்தன் எதிர் நாற்காலியில் அமர்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"அங்கிள், நீங்க நல்லவரு. அதனால வெளிப்படையாச் சொல்றேன். நாங்க வண்டியைப் பாத்துக்கிறதா வெளியில நினைச்சிக்கிறாங்க. அப்படி இல்ல. வண்டி வரும், போகும். ஓனருங்க வருவாங்க, ஒரு நாள் இல்லாமப் போயிடுவாங்க. நிக்கிறது பதிவுதான். பதிவு சுத்தமா இருக்கிற வண்டி நடு ரோட்டுல நின்னாலும் அது எங்களைப் பொறுத்தவரைக்கும் ஓடுற வண்டி. பதிவு கெட்டுப்போன வண்டி, நல்லா ஓடினாலும் அது ஓடுறதா நாங்க ஒத்துக்கிறதில்ல. இந்த நிலையம் தொறந்த நாள்லேருந்து நாங்க ஒரு பதிவை அழிச்சது கிடையாது. தப்பான பதிவைக்கூட நாங்க மரியாதையாத்தான் வச்சிருக்கோம்."

"வண்டிக்கு ஏதாச்சும் கோளாறு இருக்கா சார்?"

"ஒண்ணுமே இல்ல. அதுதான் எங்களுக்குக் கவலை. நூத்தி அம்பத்தாறு தடவை வெளியாள் கை பட்ட வண்டி இப்படி இருக்க முடியாது. விசாரணை முடியற வரைக்கும் அப்சர்வேஷன்ல இருக்கட்டும்."

மின்கலத்தின் இணைப்பைத் துண்டிப்பதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைப்பிடி உண்டு. அதை உருவிவிட்டால் ஹைபிரிட் வண்டி வெறும் இரும்பு. அந்தக் கைப்பிடியை உருவி, உறையில் போட்டு, முத்திரை வைத்து, இழுப்பறையில் பூட்டினார்கள். கிரிகரி அதைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்னொரு காலத்தில் ஒரு காட்டில் ஆமைகளுக்கென்று ஓட்டுப் பரிசோதனைச் சாலை ஒன்று இருந்ததாம். ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஓட்டைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஓடில்லாத ஆமை வெயிலில் நின்றுகொண்டு, "எப்போது கிடைக்கும்?" என்று கேட்டால், "கவலையை விடு, ஓடு மிக நலமாக இருக்கிறது" என்று உள்ளிருந்து பதில் வருமாம். கிரிகரிக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, ஆமையைப் போலவே அவரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்திருப்பார்.

மறுநாள் சனிக்கிழமை. கைப்பேசியில் வாடகைக் கார் அழைத்தார். சக்கர நாற்காலியைக் கண்டதும் இரண்டு கார்கள் திரும்பிப் போயின. மூன்றாவது ஏற்றிக்கொண்டது. ஒரு மணிக்குப் போக வேண்டியவர்கள் ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாதி புனிதா டொரத்தியைப் படுக்கவைத்து இயந்திரத்துடன் இணைத்தாள். அவர் பொருட்டு மாலை ஷிப்ட் நோயாளி ஒருவரிடம் முக்கால் மணி நேரம் கடன் கேட்டு வாங்கியிருந்தாள்.

மூன்று மணியளவில் படியேறி மூச்சிரைக்க ஷாமினி வந்து நின்றாள். 'அங்கீகாரமற்ற பணிமனை ஆய்வு' என்று தலைப்பிட்ட படிவம் அவள் கையில் இருந்தது. கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. கதவருகே நின்று, படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, வண்டி நிறுத்திப் பழுதுபார்க்கும் 'பே'க்களின் எண்ணிக்கையைக் கேட்டாள்:

"அக்கா, இங்க எத்தனை பே இருக்கு?"

"என்னது?" என்றாள் புனிதா.

"பே அக்கா. சர்வீஸ் பே."

"பேயெல்லாம் இங்க இல்ல. நான் இருக்கிற வரைக்கும் இங்க யாரையும் பேயா ஆகவிட மாட்டேன். நீ யாரு முதல்ல?"

அப்போதுதான் ஷாமினி நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு படுக்கை. பன்னிரண்டு இயந்திரம். ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு கை நீட்டியபடி இருந்தது. அதிலிருந்து சிவப்பாகக் குழாய்கள் போய்வந்தன. ஜன்னலோரப் படுக்கையின் காலடியில், கிரிகரி ஒரு காலாடும் நாற்காலியில் சாய்ந்துவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள்..." என்றாள்.

"இதுதான் மா பில்டர்," என்று கிரிகரி இயந்திரத்தில் மாட்டியிருந்த கண்ணாடி போன்ற குழலைக் காட்டினார். அவர் குரலில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகியவர் அவர்.

டொரத்தி கண்ணைத் திறந்தார். "இந்தப் பொண்ணா நம்ம வேனைப் பிடிச்சு வச்சிருக்கு?"

"நான் இல்ல ஆன்டி, சிஸ்டம்," என்றாள் ஷாமினி, அழும் குரலில். "நீங்க ஏன் ஆன்டி இதைச் சர்வீஸ்னு சொல்றீங்க?"

"வேற என்னான்னு சொல்ல? டயாலிசிஸ்னு சொன்னா வாயெல்லாம் கசக்குது கண்ணு. சர்வீஸ்னு சொன்னா, திரும்ப ஓடப்போற மாதிரி இருக்கில்ல?"

ஷாமினி படிவத்தை நிரப்பினாள். பில்டர் மாற்றப்படுகிறதா? ஆம். திரவம் வெளியேற்றப்படுகிறதா? ஆம். பணியாளருக்குக் கம்பெனியின் பயிற்சிச் சான்றிதழ் உண்டா? இல்லை. பொய் சொல்ல இடமில்லாத வினாக்கள், உண்மை சொல்லவும் இடமில்லாத வினாக்கள். முடிவில், தாளின் விளிம்பில், பேனாவை அழுத்தி, 'இவர் மனிதர்' என்று எழுதிவிட்டுப் போனாள்.

அன்று மாலை திரும்பும் வழியில், வாடகைக் காரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த டொரத்திக்குத் தலை சுற்றியது. பிறர் வண்டி அழுக்காகிவிடுமே என்று தம் சேலைத் தலைப்பிலேயே வாந்தியெடுத்தார். ஓட்டி வந்தவர் வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் கொடுத்தார், முகம் சுளிக்கவில்லை. அந்த நல்ல மனிதரிடம் டொரத்தி கிள்ளான் வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்ததுதான் கிரிகரியால் தாங்க முடியாமற்போயிற்று.

"ஜோனத்தன் அப்பா, வேன் எப்ப வரும்?"

"செவ்வாக்கிழமை வந்துடும்."

"நிஜமாவா, இல்ல, ரயில் வருதுன்னு நீங்க சொல்லுவீங்களே அந்த மாதிரியா?"



செவ்வாய் காலை பத்து மணிக்கு விசாரணை. உரிமையாளர் மட்டுமன்றி, 'சம்பந்தப்பட்ட தரப்பும்' நேரில் வர வேண்டும் என்று தகவல் வந்திருந்தது. ஆகவே டொரத்தியும் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். ஒரு மணிக்குள் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர வேண்டும். மூன்று நாளாக நீர் தேங்கியதில் அவர் கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. வெறுங்காலுடன் வந்திருந்தார். நீண்ட மேசைக்கு அப்பால் முகுந்தனும், தலையசைப்பதற்கென்று இருவரும் அமர்ந்திருந்தார்கள்.

"அறிக்கையைப் படிச்சேன்," என்று ஆரம்பித்தார் முகுந்தன். "மிஸ்டர் கிரிகரி சொன்னது அத்தனையும் உண்மைன்னு நிரூபணமாயிடுச்சு. பில்டர் மாத்துறாங்க. தண்ணி எடுக்கிறாங்க. சான்றிதழ் இல்ல."

இருவரும் தலையசைத்தார்கள்.

"ஓரத்துல நான் எழுதியிருந்தேனே சார்," என்றாள் ஷாமினி.

"ஓரத்துல எழுதுனதைச் சிஸ்டம் படிக்காது மா. ஓரம் எதுக்கு இருக்கு? தாளைப் பைல்ல மாட்டுறதுக்கு." பிறகு அவர் டொரத்தியின் பக்கம் கனிவாகத் திரும்பினார். "ஆன்டி, நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமில்ல. பதிவை அழிக்கவும் கூடாது, உங்க வேனுக்கு அநியாயம் நடக்கவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம். அந்த நூத்தி அம்பத்தாறு சர்வீசையும் வேற வாகனத்துக்கு மாத்திடலாம். அதுக்கு உங்க பேர்ல இன்னொரு வாகனம் இருக்கணும். அவ்வளவுதான்."

"எங்ககிட்ட வேற வாகனம் இல்லையே சார்," என்றார் கிரிகரி.

"இருக்கு," என்றார் முகுந்தன், டொரத்தியைப் பார்த்தபடி. "நேர்ல வந்திருக்கு."

கிரிகரி நாற்காலியைவிட்டு எழுந்தார். வாழ்நாளில் முதன்முறையாக ஓர் அதிகாரியை நோக்கி அவர் கை உயர்ந்தது. டொரத்தி அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"உக்காருங்க. மணி பதினொன்னாவுது. என்னான்னு வேணும்னாலும் எழுதிக்கட்டும். நீ கேளு கண்ணு."

ஷாமினி கணினிப் பலகையை எடுத்துக்கொண்டு அவர் அருகில் தரையில் மண்டியிட்டாள். திரை கேட்டது, அவள் திருப்பிக் கேட்டாள்.

"பேரு ஆன்டி?"

"டொரத்தி அந்தோணிசாமி."

"தயாரிச்ச வருசம்?"

"அம்பத்தெட்டு. உள்ளூர் தயாரிப்பு, கிள்ளான்."

"சக்கரம் எத்தனை?"

டொரத்தி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தம் நாற்காலியைக் குனிந்து பார்த்தார். "பெருசு ரெண்டு, சிறுசு ரெண்டு."

"எத்தனையாவது ஓனர்?"

"முதல் ஓனர்தான். யாருக்கு யாரு ஓனர்ங்கிறதுதான் நாப்பது வருசமாத் தீரல."

தலையசைக்கும் இருவரில் ஒருவர் சிரித்துவிட்டார். முகுந்தன் பார்த்த பார்வையில் மீண்டும் தலையசைக்கலானார்.

"எதுல ஓடும்னு கேக்குது ஆன்டி. பெட்ரோலா, மின்சாரமா?"

"சோத்துல பாதி, மாத்திரையில பாதி."

"ஹைபிரிட்," என்று முகுந்தன் திருத்தமாகச் சொன்னார். ஷாமினி பதிந்தாள்.

இவ்வாறு இருபத்தேழு கட்டங்கள் நிரம்பின. இருபத்தெட்டாவதில் ஷாமினி நின்றாள். திரையைப் பார்த்தாள், டொரத்தியைப் பார்க்கவில்லை.

"சார், இதை விட்டுடலாமா?"

"கட்டாயக் கட்டம். விட்டா மேல போகாது. கேளு."

"உத்தரவாதம்..." என்றாள் அவள் மெதுவாக. "எந்தத் தேதி வரைக்கும்?"

வெளியே ஏதோ ஒரு வார்டில் காற்றுக் குழாய் சீறிக்கொண்டிருந்தது. அதுவரை ஒவ்வொரு பதிலுக்கும் வாய் திறக்கத் தயாராக இருந்த கிரிகரி, மனைவியின் வீங்கிய பாதங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த சர்வீஸ் வரைக்கும்னு போடு கண்ணு," என்றார் டொரத்தி.

"எழுத்து எடுக்க மாட்டேங்குது ஆன்டி. தேதிதான் கேக்குது."

"அடுத்தது இன்னைக்கு ஒரு மணிக்கு. இன்னைக்குத் தேதியைப் போடு."

ஷாமினி போட்டாள். கட்டம் சிவந்தது. 'இன்றைய தேதி ஏற்கப்படாது. இவ்வாகனம் காலாவதியானதாகக் கருதப்படும்' என்று எழுத்துகள் தோன்றின. அவள் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. ஆனால் திரை பெரியது, கிரிகரியின் கண்ணும் நல்ல கண்.

"வியாழன்," என்றார் அவர். மறுபடியும் சொன்னார். "வியாழக்கிழமை போடு மா. தயவுசெஞ்சு."

கட்டம் பச்சையானது.

எல்லாரும் எழுந்தார்கள். முகுந்தன் கிரிகரியின் கையைப் பற்றிக் குலுக்கி, நிலையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பதிவும் அழியவில்லை என்ற பெருமை காப்பாற்றப்பட்டதற்காக அவருக்கு நன்றி கூறினார். இழுப்பறை திறந்தது, முத்திரை உடைந்தது, ஆரஞ்சு நிறக் கைப்பிடி தன் இடத்துக்குப் போயிற்று. கழுவித் துடைத்த வேன், சத்தமே இல்லாமல் வாசலுக்கு வந்து நின்றது. அதன் முன் கண்ணாடியில், அடுத்த சர்வீசுக்கான ஒட்டுத்தாள் பளிச்சென்று ஒட்டப்பட்டிருந்தது. மணி பன்னிரண்டு இருபது.

நடு இருக்கையில் டொரத்தியைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டுக் கதவை இழுக்கப் போகும்போது ஷாமினி ஓடி வந்தாள். அவள் விரல் நுனியில் இன்னோர் ஒட்டுத்தாள் இருந்தது. 'அடுத்த சர்வீஸ்: வியாழன்' என்று அச்சாகியிருந்தது. இரண்டாவது வாகனத்துக்கு இயந்திரம் தானாகவே அச்சிட்டுத் தள்ளியது அது.

"ஆன்டி, என்னைத் திட்டாதீங்க. இதை ஒட்டிப் படம் எடுத்து சிஸ்டத்துல ஏத்துனாத்தான் கேட் தொறக்கும்."

"எங்க ஒட்டணுமாம்?"

"கண்ணாடியில," என்றாள் ஷாமினி.

டொரத்தி மூக்கிலிருந்து தம் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

ஷாமினி அதை வாங்கித் தன் அங்கியின் நுனியால் துடைத்தாள். விதிப்படி, வலப்பக்க மேல் மூலையில், பார்வையை மறைக்காதவாறு ஒட்டினாள். தாள் பெரியது, கண்ணாடி சிறியது. பாதிப் பார்வை மறையத்தான் செய்தது. படம் எடுத்தாள். கேட் திறந்தது. டொரத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெரிந்த மீதியில் சாலையைப் பார்த்தபடி, "ஓட்டுங்க, புனிதா காத்திருக்கும்," என்றார்.